பெயர்ப்பலகைக்குக் கிடைக்கும் பணமும் ஆசிரியருக்குக் கிடைக்காத பணமும்

இலையுதிர்காலம் தொடங்கியதும் லண்டன், ரொறொன்ரோ, பாரிஸ், சூரிச் நகர மண்டபங்கள் ஆண்டுதோறும் எமது பாடசாலைகளின் பெயரால் நிறைகின்றன. இராப்போசன விருந்து, இசை நிகழ்ச்சி, அதிர்ஷ்டலாபச் சீட்டு, துடுப்பாட்டப் போட்டி என வடிவங்கள் மாறினும் நோக்கம் ஒன்றே. தாம் படித்த கல்லூரிக்கு நிதி திரட்டுவதே அது. எம்மவர் மத்தியில் நடைபெறும் நிதிசேகரிப்புகளுள் எவரும் முகம் சுளிக்காமல் கொடுப்பது இதற்குத்தான் எனலாம். அரசியலில் எதிரெதிரே நிற்போரும் ஒரே கல்லூரிக் கழுத்துப்பட்டியுடன் ஒரே மேசையில் அமர்வர். வதிவிட அனுமதிக்குக் காத்திருந்தபடி உணவகமொன்றில் பாத்திரம் கழுவும் இளைஞனும் இருபது யூரோவை நீட்டுகிறான்.

இவ்வாறு திரளும் பணம் ஊரில் எதுவாக மாறுகிறது என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற பாடசாலைகளைச் சுற்றி வருவோர் கண்ணில் முதலிற் படுவன புதிய நுழைவாயில், விளையாட்டரங்கு, நிறுவுநர் சிலை, குளிரூட்டிய மண்டபம், அவற்றின் முகப்பில் கொடையாளர் பெயர் தாங்கிய கற்பலகை ஆகியவையே. இவை வேண்டாதவை என்று நாம் கூறவில்லை. போரினால் சிதைந்த கட்டடங்களை மீள எழுப்பியதில் பழைய மாணவரின் பங்கு மிகப் பெரியது. ஆயினும் அதிபர் ஒருவரிடம் தனியே கேட்டால் அவர் தரும் பட்டியல் வேறாக இருக்கும். கணித பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. ஆய்வுகூடத்துக்கு இரசாயனப் பொருள் வாங்க வழியில்லை. விடுதியில் உணவுச் செலவு கட்டுக்கு மீறிவிட்டது. பரீட்சை வினாத்தாள் அச்சிடக் காகிதம் இல்லை. இவற்றுள் எதையும் நாடா வெட்டித் திறந்துவைக்க முடியாது. அடுத்த விருந்தில் திரையிட்டுக் காட்டவும் முடியாது. கொடுத்தவருக்கு எதையேனும் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி சங்க நிர்வாகிகளுக்கு உண்டு. அந்த நெருக்கடியே பணம் எங்கே போகவேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்து விடுகிறது.

கொடையாளரின் பெயரை நிலைநாட்டும் வழக்கம் எமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் விடுதிப் பாடசாலைகளை நடத்தியபோது, அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவைப் பொறுப்பேற்றவருக்கு அப்பிள்ளைக்குப் பெயரிடும் உரிமையும் வழங்கப்பட்டது. கற்பலகைக்குப் பதிலாகப் பிள்ளையே பெயரைச் சுமந்தது! கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று எமது கல்வி வரலாற்றில் இடம்பெற்ற அறிஞர்களின் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் அந்நியச் சொற்கள் அவ்வாறு வந்தவையே. அவர்களுள் முன்னவர் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அக்கொடையினால் விளைந்த நன்மையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கில வழி உயர்கல்வி மிஷனின் பணியன்று என்று பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழு கொண்டிருந்த கொள்கையே அதற்குக் காரணம். பணம் எத்திசையிலிருந்து வந்ததோ முடிவும் அத்திசையிலிருந்தே வந்தது. ஊரவர் அதன்பின் தாமே முயன்று நிதி சேர்த்ததன் பயனாகவே 1872இல் அதே மண்ணில் யாழ்ப்பாணக் கல்லூரி உருவாயிற்று.

இதற்கு மாறான மரபொன்றும் எம்மிடம் இருந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலருக்குக் கடல்கடந்த கொடையாளர் இருக்கவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைக்கும் பிடியரிசி முறை சைவப் பாடசாலைகளுக்குக் கைகொடுத்தது. ஒரு பிடி அரிசிக்கு எவரும் கல்வெட்டுக் கேட்பதில்லை. பின்னர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் புகையிரதத் திணைக்கள வேலைக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவர் அனுப்பிய பணமும் ஊர்ப் பாடசாலைகளை வளர்த்தது. இன்று நாம் செய்வது அவர்கள் செய்ததன் தொடர்ச்சியே.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது நிலைமை அடியோடு மாறியது. யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி போன்ற சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக விலகி நின்றன. ஏனையவை அரசுடைமையாயின. ஆசிரியர் சம்பளம் அரசின் பொறுப்பு என்றானதும், கொடையாளர் மனத்தில் கட்டடமும் விளையாட்டும் மட்டுமே தமது பங்கு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. அரசு நியமிக்காத ஆசிரியருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வியை அன்று எவரும் எழுப்பவில்லை.

அக்கேள்வி இன்று யாழ் நகரத்தைவிட வன்னியிலும், மன்னாரின் உட்கிராமங்களிலும், மட்டக்களப்பின் படுவான்கரையிலும்தான் உரத்து ஒலிக்கிறது. அங்குள்ள சிறு பாடசாலைகளுக்கு லண்டனில் கிளைச் சங்கம் கிடையாது. காரணம் வெளிப்படை. அப்பாடசாலைகளிலிருந்து வெளிநாடு வந்தோர் குறைவு; வந்தோரும் வசதி பெற்றிலர். பழைய மாணவர் சங்கம் என்ற அமைப்பு, ஏற்கெனவே எவரை மேலே அனுப்பியதோ அப்பாடசாலைக்கே மீண்டும் தண்ணீர் வார்க்கும் வாய்க்காலாக இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த கிராமத்துப் பிள்ளையும் நகரப் பாடசாலையை நாடிச் செல்ல, கிராமத்தில் எஞ்சுவது ஓலைக் கொட்டகையும் தொண்டர் ஆசிரியர் ஒருவரும் என்ற நிலை பல இடங்களில் உண்டு. எமது கொடை இந்த இடைவெளியைக் குறைக்கவில்லை. சில இடங்களில் அதை அகலப்படுத்தியும் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

எம்மவரால் வேறுவிதமாகக் கொடுக்க முடியாதா? முடியும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் இரண்டு உள்ளன. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 இலட்சம் டொலர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாழும் இரு தமிழ் மருத்துவர்கள் 2015இல் தொடக்கத் தொகையாகப் பத்து இலட்சம் டொலரைத் தந்தனர். தமிழ்நாட்டு அரசு 2017இல் பத்துக் கோடி ரூபா வழங்கியது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சிறுதொகைகளை அனுப்பினர். 2018இல் இலக்கு நிறைவெய்தியது. அவ்வாண்டிலேயே ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபுறோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கான 30 இலட்சம் கனேடிய டொலர் முயற்சி தொடங்கி 2021இல் வெற்றி பெற்றது. அதில் ஈழத்தமிழரின் உழைப்பே முதன்மையானது.

ஐம்பது பில்லியன் டொலருக்கு மேற்பட்ட மூலதனம் கொண்ட ஹார்வார்டுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆயினும் அங்கிருந்து நாம் கற்கக்கூடியது, பணம் எவ்வாறு கேட்கப்பட்டது என்பதே. நோக்கம் ஒன்று, தொகை முன்னரே அறிவிக்கப்பட்டது, எவ்வளவு சேர்ந்தது என்பது அவ்வப்போது வெளியிடப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்ந்த பணம் செலவழிக்கப்படுவதில்லை. மூலதனம் அப்படியே இருக்க, ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து வீதம் மட்டும் எடுக்கப்பட்டு அதிலிருந்து பேராசிரியர் சம்பளம் கொடுக்கப்படுகிறது. ஹார்வார்டில் அப்பதவிக்குச் ‘சங்கம்’ என்பதே பெயர். எந்தச் செல்வரின் பெயரும் அதில் இல்லை.

பெருங்கொடையாளர் ஒருவரையே நம்பியிருத்தலின் ஆபத்தையும் அதே நாட்டில் காணலாம். 2023 ஒக்ரோபரின் பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் செல்வந்தப் பழைய மாணவர் ஒருவர், நிர்வாகத்தின் நிலைப்பாட்டைக் கண்டித்து, வழக்கமான கொடைக்குப் பதிலாக ஒரேயொரு டொலரை அனுப்புங்கள் என்று ஏனைய கொடையாளருக்கு அழைப்பு விடுத்தார். அவ்வாண்டு டிசெம்பரில் தலைவர் பதவி விலகினார். நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் அளித்த பதில்களே உடனடிக் காரணம் எனினும், கொடையாளரின் நெருக்குதல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பெரும் பல்கலைக்கழகத்துக்கே இந்நிலை எனின், ஒரு கனவானின் காசோலையை நம்பி மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டிய கிராமத்து அதிபர் என் செய்வார்?

சிறு கணக்கொன்று பார்ப்போம். விருந்துகளின் மூலம் சில ஆண்டுகளில் ஒரு சங்கம் ஓர் இலட்சம் பவுண் திரட்டுகிறது என்று கொள்வோம். மண்டபம் கட்டினால் அது முடிந்த செலவு. பராமரிப்புச் செலவு புதிதாகத் தொடங்கும். அதே தொகையை மூலதனமாக வைத்து ஆண்டுக்கு நான்கு வீதம் எடுத்தால் நாலாயிரம் பவுண் கிடைக்கும். பவுணுக்கு நானூறு ரூபா என்று வைத்தாலும் பதினாறு இலட்சம் ரூபா. மாதம் 25,000 ரூபா ஊக்கத்தொகை பெறும் தொண்டர் ஆசிரியர் ஐவரை, மூலதனத்தைத் தொடாமலே, ஆண்டுக்காண்டு வைத்திருக்கலாம்.

மூலதனத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். ஊர் வங்கியில் ரூபாவாக வைப்பிலிட்ட புலமைப்பரிசில் நிதிகளின் கதி 2022இல் தெரிந்தது. அவ்வாண்டு சில வாரங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குச் சென்றது. செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியது. வட்டிவீதம் உயர்ந்தது உண்மையே. பொருள் விலை அதைவிட விரைவாக உயர்ந்தது. பிள்ளையொன்றின் மாதச் செலவுக்கெனக் கணக்கிட்டு வைத்த தொகை, அப்பியாசக் கொப்பிகளுக்கும் போதாமற் போயிற்று. ஆகவே மூலதனம் வெளிநாட்டில் அறங்காவலர் பொறுப்பில் இருப்பதே உசிதம். ஆனால் எதற்குச் செலவிடுவது என்ற முடிவு ஊரில், அதிபரைத் தலைவராகக் கொண்ட பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கையில் இருக்கவேண்டும். பணமும் முடிவும் ஒரே இடத்தில் குவிந்தால் 1855ஐ நினைவூட்டும் நிலை மீண்டும் வரலாம்.

பிரித்தானியாவிலுள்ள சங்கங்கள் சட்டப்படி அறநிறுவனமாகப் பதிவு செய்தால், வருமான வரி செலுத்தும் ஒருவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் மேலதிகமாகப் பெறலாம். விருந்துச் சீட்டின் விலைக்கு இச்சலுகை கிடையாது. சோற்றுக்கும் பாட்டுக்கும் கொடுத்த பணம் கொடையாகக் கருதப்படுவதில்லை. மண்டப வாடகை, ஒலியமைப்பு, தென்னிந்தியப் பாடகரின் விமானச்சீட்டு ஆகியன போக எஞ்சுவதைப் பார்க்கையில், மாதம் பத்துப் பவுணை வங்கிக் கட்டளை மூலம் நேரே கொடுக்கும் நூறு பேர் ஒரு விருந்தை வென்றுவிடுவர். பதிவு செய்த நிறுவனத்தின் விபரங்களை எவரும் பார்வையிடலாம். சிலர் பதிவு செய்யத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று ஐயுறாமல் இருக்க முடியவில்லை.

இவற்றை ஆற அமரச் செய்ய எமக்குக் காலமில்லை. எண்பதுகளில் வந்திறங்கிய தலைமுறை ஓய்வூதிய வயதை எட்டிவிட்டது. அவர்களுக்குத்தான் கல்லூரிக் கீதம் மனப்பாடம். வடக்கின் பெரும் சமர் என்றால் இரத்தம் கொதிக்கும். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அப்பாடசாலை தந்தையின் பழைய புகைப்படம். அவர்களுக்கு அவர்கள் படித்த பல்கலைக்கழகங்களே கொடை கேட்டுக் கடிதம் எழுதுகின்றன. மிகத் திறமையாகவும் எழுதுகின்றன. ஆண்டுதோறும் விருந்து வைத்து, ஆண்டுதோறும் செலவழிக்கும் முறை, விருந்துக்கு வருவோர் இருக்கும்வரைதான் நடக்கும்.

கொடுக்கும் பக்கத்தில் மட்டுமே நாம் நிற்பதாகவும் எண்ணவேண்டாம். பிரித்தானியாவில் புகலிட முடிவுக்குக் காத்திருப்போரின் பிள்ளைகளுக்கு அரசின் மாணவர் கடன் கிடையாது. பெரும்பாலும் வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணமே கேட்கப்படுகிறது. பல பல்கலைக்கழகங்கள் ‘சரணாலயப் புலமைப்பரிசில்’ என்ற பெயரில் அவர்களுள் சிலருக்குக் கட்டணத்தை விலக்கி இடம் தருகின்றன. இதற்கும் பல இடங்களில் கொடையாளர் பணமே துணைநிற்கிறது. தகுதியுள்ள எமது பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவதை நாம் காண்கிறோம். விண்ணப்ப முடிவுத் திகதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும் என்பதைப் பெற்றோர் கவனிக்கவேண்டும்.

கனடாவில் 1978 முதல் நடைபெறும் அகதி மாணவர் திட்டம் இன்னும் வியப்புக்குரியது. முகாம்களிலுள்ள அகதி இளைஞரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வரும் இத்திட்டத்துக்கு, பல வளாகங்களில் ஒவ்வொரு மாணவரும் தமது கட்டணத்துடன் சில டொலரைச் சேர்த்துச் செலுத்துகின்றனர். அறவிடுவதா என்பதை மாணவரே வாக்களித்துத் தீர்மானிக்கின்றனர். பெறுபவர் யாரென்று கொடுப்பவருக்குத் தெரியாது. பிடியரிசி என்ற சொல்லை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

புத்தாண்டு பிறந்ததும் பல சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் கூடவுள்ளன. அங்கு இரண்டு பிரேரணைகள் முன்வைக்கப்பட வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். திரளும் பணத்தில் பாதியேனும் செலவழிக்கப்படாத மூலதன நிதியத்துக்குச் செல்லவேண்டும். பத்தில் ஒரு பங்கு, வெளிநாட்டில் சங்கமில்லாத ஒரு பாடசாலைக்குச் செல்லவேண்டும். முதலாவது சிரமமின்றி நிறைவேறக்கூடும். இரண்டாவதற்கு, ‘எங்கள் கல்லூரிக்கென்று தந்த பணத்தை எப்படி வேறொருவருக்குக் கொடுப்பது’ என்று ஒருவர் எழுந்து நிற்பார். கொடை கேட்கும் படிவத்திலேயே அப்பங்கை அச்சிட்டுவிட்டால் அக்கேள்விக்கு இடமிராது.