தேவாலாத் தங்கம் யார் வீட்டுக்குப் போனது?

“சுரங்கம் வந்தால் மலை செழிக்கும்” என்ற பழைய பல்லவியை முதலாளிகள் இன்னும் விட்டபாடில்லை. கொல்லிமலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியது. லாபம் மலையில் தங்கவில்லை. பாக்சைட் கிடக்கட்டும், தங்கமே கிடைத்தால்? அதற்கும் சரித்திரம் பதில் சொல்லியிருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூருக்கு அடுத்த தேவாலா, பந்தலூர் சிற்றூர்களைக் கேளுங்கள்!

அங்கே பணியரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக ஆற்று மணலை அரித்துப் பொன் எடுத்தார்கள். பணியர் ஜென்மிகளின் அடிமைகள். நிலத்தோடு சேர்த்துக் கைமாறியவர்கள். பொன் ஜென்மிக்கு, பட்டினி பணியனுக்கு!

1879-ல் வெள்ளை சர்க்கார் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற நிபுணரை அழைத்து வந்தது. 1880-ல் அவர் அறிக்கை வெளியானது. உடனே லண்டனில் கம்பெனிகள் காளான்களாக முளைத்தன. பூச்சியும் இலைநோயும் தின்று நொடித்துப் போன காப்பித் தோட்டங்களைத் துரைமார்கள் ‘தங்க பூமி’ என்று கொள்ளை விலைக்குக் கம்பெனிகளின் தலையில் கட்டினார்கள். பொன் விளைந்தது பாறையிலா? இல்லை, பங்கு மார்க்கெட்டில்! பாறையை உடைத்துப் பார்த்தால் செலவுக்குக்கூடக் கட்டவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் கவிழ்ந்தன. யந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. விற்றவன் பணத்தோடு கப்பலேறினான். மில்லைக் காலி செய்துவிட்டுக் கதவைச் சாத்தும் முதலாளியைப் பார்த்த பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

தங்கம் போயிற்று, தேயிலை வந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்து பெயர்த்தெறிந்த தமிழ்த் தொழிலாளர்களில் பலர் இந்த மலைகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கூடை சுமந்தார்கள். 1969-ல் கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஜென்மி ஒழிந்தான், ஆனால் அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு நிலங்களில் வாழும் எளிய மக்கள் இன்றும் பட்டாவுக்கு அலைகிறார்கள். வேலையற்றவர்கள் வெள்ளையன் விட்டுப்போன இடிந்த சுரங்கங்களுக்குள் புகுந்து தங்கம் தேடுகிறார்கள். மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு. அவர்களுக்குச் சட்டம் தரும் பெயர் என்ன? திருடர்கள்! மலையையே விற்றுத் தின்றவர்களுக்கோ கனவான்கள் என்று பெயர்.

நாம் கேட்கிறோம்: மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று அளக்க 1879-லேயே நிபுணர் கிடைத்தாரே, மண்மேல் வாழ்பவனுக்குச் சொந்தமான நிலத்தை அளந்து கொடுக்க ஒரு சர்வேயர் கிடைக்கவில்லையா?

உழுபவனுக்கும் குடியிருப்பவனுக்கும் பட்டா கொடு! பழங்குடி மக்களின் சம்மதமின்றி எந்த மலையிலும் கடப்பாரை இறங்கக் கூடாது! தேவாலாவுக்கு மட்டுமல்ல, கொல்லிமலைக்கும் இதுவே நமது கோரிக்கை.