ஏழு அங்குலப் பொய்

பிரித்தானியாவில் கடைக்குப் போய் ஒரு மொடல் ரயில் வாங்கினால், அது அநேகமாக 'டபிள் ஓ' அளவில்தான் இருக்கும். இஞ்சின், பெட்டி எல்லாம் உண்மையானதை விட 76 மடங்கு சிறிசு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். இப்ப அதை 76ஆல் பெருக்கிப் பாருங்கோ. 1254 மில்லிமீற்றர் வரும். உண்மையான பாதை 1435. ஏழு அங்குலத்தைக் காணேல்லை!

எங்க போனது? 16.5 எண்டது 87 மடங்கு சிறிய 'எச் ஓ' அளவுக்குச் சரியான அகலம். பிரித்தானிய இஞ்சின்கள் ஐரோப்பிய இஞ்சின்களை விட ஒடுக்கமானவை. 87 மடங்கு சுருக்கினால் அந்தக் கால மோட்டர் உள்ளே அடங்காது. ஆகவே உடம்பை மட்டும் பெருப்பிச்சுப் போட்டு, பாதையை அப்படியே விட்டார்கள். 1938இல் ஹோர்ன்பி டப்ளோவும் இந்த அளவில்தான் வந்தது. அந்த நேரத்துக்கு அது நியாயமான சமாளிப்பு, அதை நான் குறை சொல்லேல்லை.

ஆனா பிறகு? 1957இல் ட்ரை-ஆங் 'டிடி' கொண்டுவந்தது: 12 மில்லிமீற்றர் பாதை, உடம்பு அதற்குப் பொருந்தாத 102 மடங்கு. பிறகு 'என்' அளவு: வேறு பல நாடுகள் 9 மில்லிமீற்றர் பாதைக்கு 160 மடங்கு எண்டு சரியாக எடுக்க, பிரித்தானியா 148. ஒரே பிழை மூன்று தரம். இதுக்குப் பிறகும் 'மோட்டர் பெரிசு' எண்டு சொல்லுறது சாட்டு.

சரியாகச் செய்ய விரும்பினவர்களுக்கு 1960களில் 'பி4' வந்தது: 18.83 மில்லிமீற்றர், அச்சொட்டான அளவு. எனக்கு அவர்களில் மரியாதை இருக்கு, ஆனா ஒரு கோபமும் இருக்கு. பாதையை அகட்டினால் மட்டும் காணாது. சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு தடிப்பு, இரண்டு சக்கரத்தின்ர முதுகுகளுக்கு இடையில் எவ்வளவு தூரம், பாதை பிரியிற இடத்தில் காவலுக்கு வைக்கிற துண்டுத் தண்டவாளத்துக்கு எவ்வளவு இடைவெளி, எல்லாம் ஒண்டோட ஒண்டு கட்டுண்டது. முதுகு இடைவெளி குறைஞ்சால் சக்கரம் அந்தக் காவல் துண்டில் ஏறி இறுகும். கூடினால் எதிர்ப்பக்கச் சக்கரம் பிரிவின் மூக்கில் இடிச்சுத் தடம் புரளும். ஆகவே பி4க்குப் போறவர் சக்கரம் மாற்ற வேணும், பாதையைக் கையால் கட்ட வேணும், சின்ன விளிம்பு பள்ளம் திட்டியில் கழராமல் இருக்க அச்சுக்கு அசைவும் குடுக்க வேணும். கொம்பனி விட்ட பிழையை வாங்கினவர் தன்ர காசிலயும் கண் பார்வையிலயும் திருத்த வேணும். காசும் நேரமும் இல்லாதவர் பொய்யோட இருக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் 1935இலேயே மொடல்காரர்கள் சங்கம் கட்டி, சக்கரத்துக்கும் பாதைக்கும் அளவு எழுதி வைச்சார்கள். ஒரு கொம்பனியின்ர வண்டி இன்னொரு கொம்பனியின்ர பாதையில் ஓட வேணும் எண்ட ஒரே காரணத்துக்காக. எழுதினது பாவிக்கிறவர்கள். வித்தியாசம் அதிலதான் இருக்கு. பிரித்தானியாவில் சந்தை எழுதினது, பிறகு அதையே மரபு எண்டார்கள்.

"இனி மாத்த ஏலாது, வீடு வீடா பாதை கிடக்கு" எண்டது வழக்கமான பதில். அப்ப ஏன் அதே ஹோர்ன்பி 2022இல் 120 மடங்கில், 12 மில்லிமீற்றர் பாதையில் புது அளவைக் கொண்டுவந்தது? பெருக்கிப் பாருங்கோ: 1440. ஐந்து மில்லிமீற்றர்தான் பிழை. மாற்ற ஏலும், விருப்பம் வந்தால்.

'இஞ்ச இருக்கிற எங்களுக்கு உதால என்ன?' எண்டு கேக்கிற ஆளுக்கு: எங்கட பாதை 1676 மில்லிமீற்றர். யாழ்தேவியை டபிள் ஓ அளவில் செய்ய வெளிக்கிட்டால் 22 மில்லிமீற்றர் பாதை வேணும். கடைப் பாதையில் வைச்சால் ஏழு அங்குலமில்லை, பதினாறு அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். அதையும் 'ஸ்கேல் மொடல்' எண்டு பெட்டியில் அடிச்சு விப்பினம்.