சில்லறையாய்ச் சிதறும் ஜகாத்!

ரமலான் வந்தால் திருப்பத்தூர்க் கடை வாசல்களில் வரிசை நிற்கிறது. ஆளுக்குப் பத்தோ இருபதோ கொடுத்துவிட்டு, கடமை முடிந்ததென்று கல்லாவில் அமர்கிறோம். மறு ரமலானிலும் அதே முகங்கள், அதே வரிசை! வறுமை தீர்ந்ததா?

பக்கத்து வாணியம்பாடியைப் பாருங்கள். 1903-ல் முஸ்லிம் கல்விச் சங்கம், 1919-ல் இஸ்லாமியாக் கல்லூரி. நம் முன்னோர் சேர்ந்து கொடுத்தார்கள். அது தலைமுறைகளுக்கு நின்றது. சற்றுத் தள்ளி மேல்விஷாரத்தில், தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1998-ல் பொறியியல் கல்லூரியே எழுந்தது. 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. கல்லூரி இருக்கிறது, இடமும் இருக்கிறது. கட்டணமும் விடுதிச் செலவும்தான் ஏழைப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துகின்றன.

வணிகப் பெருமக்களே! கணக்கு உங்களுக்குத் தெரியாததா? ஒரு லட்சத்துக்கு ஜகாத் 2,500 ரூபாய். நாற்பது கடைகள் சேர்ந்தால் ஒரு லட்சம்! விதவைக்கும் முதியவருக்கும் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஏழை மாணவனும் ஜகாத் பெற உரியவனே என்கிறோம். மார்க்கம் தடுக்கவில்லை, வாசலில் வரிசை நிற்பதைப் பார்த்து மகிழும் நம் பெருமைதான் தடுக்கிறது.

மஹல்லாவில் பைத்துல்மால் அமையுங்கள். வரவு செலவை ஜமாஅத்தில் வாசியுங்கள். மகனோ மகளோ, தேர்ந்தெடுத்த பிள்ளையை முதலாண்டோடு கைவிடாமல் நான்கு ஆண்டும் தாங்குங்கள்.

இளைஞர்களே! படித்து வேலையில் அமர்ந்ததும் அடுத்தவரைக் கைதூக்கி விடுங்கள். இன்று ஜகாத் வாங்கும் வீடு நாளை ஜகாத் கொடுக்கட்டும்.

நாற்பது கடைகள் நம் கடைவீதியில் இல்லையா? சிந்திப்பீர்!