நகர்களுக்கு நடுவே யார் வழி விடுவது?

சிற்றூர்களில் வீட்டுமனை விற்பவர்கள் அடிக்கும் நோட்டீஸ்களில் தவறாமல் இருக்கும் வாசகம், ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்’. பைக்கில் போனால்தான் அந்த 5 நிமிடம் என்பது மட்டும் அச்சாகாது. நடப்பவருக்கு எவ்வளவு நேரம் என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் ஓர் ஆர்ச், வண்ணக் கொடிகள், 23 அடி தார்ச்சாலை, இருபுறமும் ஊன்றிய மனைக்கற்கள். அந்தச் சாலையில் கடைசி மனைவரை நடந்தால் காம்பவுண்டு சுவர் மறிக்கிறது. சுவருக்கு அப்பால் இன்னொரு ‘நகர்’. அதன் சாலையும் அதே சுவரில்தான் முட்டி நிற்கிறது. அங்குள்ள மளிகைக் கடை இங்கிருந்தே கண்ணுக்குத் தெரியும். ஆனால் போக வேண்டுமானால் ஆர்ச்சுக்குத் திரும்பி, நடைபாதை இல்லாத பைபாஸில் லாரிகளை ஒட்டி நடந்து, அடுத்த ஆர்ச் வழியாக நுழைய வேண்டும். பால் பாக்கெட் வாங்கப் பாட்டி பேரனின் ஸ்கூட்டிக்குக் காத்திருப்பது சோம்பலால் அல்ல.

இந்தக் குறை விதிகளே இல்லாததால் வந்ததல்ல. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-ல் வரன்முறைத் திட்டமும், 2019-ல் மாநிலம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த கட்டிட விதிகளும் வந்தன. சாலை அகலத்தை இப்போது டேப் பிடித்து அளக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கோப்பு ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக நகர்கிறது. மூன்று ஏக்கர் வாங்கியவர் மூன்று ஏக்கருக்குத்தான் வரைபடம் போடுவார். ஊர் முழுவதற்குமான வரைபடத்தை வைத்துக்கொண்டு, ‘உன் சாலை அவன் சாலையோடு சேரட்டும்’ என்று சொல்ல வேண்டியது அரசு. முழுமைத் திட்டம், விரிவு வளர்ச்சித் திட்டம் என்று 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. பேரூராட்சி வரை அது இறங்கி வருவதுதான் அரிது.

பூங்காவின் கதையும் இதுதான். 3,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 74 சென்டுக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். எந்த இடம் ஒதுக்கப்படுகிறது? மனையாக விற்க முடியாத முக்கோண மூலை. பக்கத்து மனைப்பிரிவிலும் அப்படியே ஒரு மூலை. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்திருந்தால் பிள்ளைகள் பந்து விளையாட ஒரு மைதானம் கிடைத்திருக்கும்.

ஊரை இணைத்துத் திட்டமிடும் யோசனை புதிதல்ல. 1914-ல் ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை நம் ஊர் அறிந்த அதே எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அவர் சளைக்காமல் வேறு சேகரித்து 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதுரை உட்படப் பல ஊர்களை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். வீடுகளை இடித்து நேர்ச்சாலை போடுவதை அவர் எதிர்த்தார். கொஞ்சமாக இடித்துச் சந்துகளை இணை, மரம் வை, குளத்தைத் தூர்க்காதே என்பதே அவர் வழி. 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அவருடைய நடைப் பழக்கம் நம் அலுவலகங்களுக்கு வரவில்லை.

வெளிநாட்டுக்காரர் சொன்னது வேண்டாம் என்றால் கானாடுகாத்தானுக்குப் போய்ப் பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்களில் தெருக்கள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, தெருக் கால்வாய் வழியாக ஊருணியைச் சேர்கிறது. பணமும் ஒற்றுமையும் இருந்த ஒரு சமூகம் கட்டிக்கொண்ட ஊர்கள் இவை. பழைய ஊரமைப்பைப் புகழும்போது, எல்லாத் தெருவிலும் எல்லோரும் நடக்க முடிந்ததா என்ற கேள்வியையும் விடக் கூடாது. அந்தப் பாகுபாட்டை விலக்கிவிட்டு, தெருவையும் தண்ணீரையும் ஒன்றாகத் திட்டமிட்ட அறிவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பேரூராட்சி செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. மனைகள் முளைக்கும் முன்பே, பிரதான தெருக்களையும் வாய்க்கால்களையும் குளக்கரைகளையும் வரைபடத்தில் கோடு போட்டுக் குறித்துவிட வேண்டும். பள்ளியும் ரேஷன் கடையும் பஸ் நிறுத்தமும் 400 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். சின்னத் தெருவில் நடைபாதைக்கு நான் அடம்பிடிக்க மாட்டேன். வண்டி மெதுவாகப் போனால் அங்கே தெருவே நடைபாதைதான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பிரதான சாலைக்கோ நடைபாதை கட்டாயம். மூடிய வடிகாலின் மேலேயே அதை அமைக்கலாம். புங்கனும் வேம்பும் நட்டு நிழல் தராவிட்டால் சித்திரை வெயிலில் யாரும் அதில் நடக்கப்போவதில்லை.

நிலத்துக்கு எங்கே போவது என்பார்கள். குஜராத்தில் டி.பி. (டவுன் பிளானிங்) திட்டம் என்ற முறையில் பல உரிமையாளர்களின் நிலங்களை ஒன்றாகத் தொகுத்து, சாலைக்கும் பூங்காவுக்கும் எடுத்ததுபோக மீதியை ஒழுங்கான மனைகளாகத் திருப்பித் தருகிறார்கள். தமிழகச் சட்டத்திலும் நிலத் தொகுப்புக்கு 2018-ல் திருத்தம் வந்துவிட்டது. சிற்றூர்களில்தான் அதை முதலில் நடத்திக் காட்ட வேண்டும். அங்கே இன்னும் காலி நிலம் மிச்சமிருக்கிறது.

வரைவுத் திட்டம் வெளியாகும்போது மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊருக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், எந்தெந்த நகர்களுக்கு இடையே நடைவழி திறக்க வேண்டும் என்று தெருப் பெயரோடு எழுதிக் கொடுங்கள்.