தோட்டத்து ரொட்டி எங்கே கிடைக்கும்?

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1983 கலவரத்தோடு வன்னிக்குப் போய், காடு வெட்டிக் குடியேறி, பிறகு அங்கிருந்தும் பலமுறை இடம்பெயர்ந்தவர். இப்போது அவர் உயிரோடு இல்லை. "அம்மாவின் ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பதுளைக்கு வரப்போகிறேன். அம்மா சுட்ட ரொட்டி மாதிரி அங்கே எந்தக் கடையில் சாப்பிடலாம்?" என்று கேட்கிறார்.

நானும் நமுனுகுல மலைச்சாரலில் பிறந்தவள்தான். இருந்தாலும் இந்தக் கேள்விக்கு ஒரு கடையின் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூட முடியவில்லை. பதுளை நகரில் 'தோட்டத்து ரொட்டி' என்று பலகை மாட்டிய கடையை நான் கண்டதில்லை. கொத்து ரொட்டிக்குப் பலகை உண்டு, பிரியாணிக்கு உண்டு. ஊவாவின் தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு மட்டும் பலகை இல்லை.

இது வீச்சு ரொட்டி அல்ல. அது எண்ணெயில் வீசி மடிப்பது. சிங்களச் சகோதரிகளின் பொல் ரொட்டி இதற்கு நெருங்கிய சொந்தம். ஆனால் நம்முடையது அதைவிட அகலம். தேங்காய் இருந்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் உப்பும் தண்ணீருமே போதும். விடிவதற்கு முன் எழும்பி, பெரட்டுக்கு ஓடும் பெண்ணுக்குச் சோறு வடிக்க நேரமில்லை. கையால் தட்டி ரொட்டிக்கல்லில் போட்டால் வேலை முடிந்தது. துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோகலாம், கெட்டுப்போகாது. ஒரு கையில் ரொட்டி, மறு கையில் சாயத்தண்ணி, உட்காரக்கூட வேண்டியதில்லை.

கோதுமை மா இந்த மண்ணில் விளைவதல்ல. 1942-இல் பர்மா யப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, அரிசிக்குப் பதிலாகப் பங்கீட்டில் மா வந்தது. பின்னர் தோட்ட நிர்வாகமே மாவைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் கழிக்கும் பழக்கம் வந்தது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகளும் நடந்தன. 1980 முதல் திருகோணமலை பிறீமா ஆலையில் அரைத்த மா மலையேறி வருகிறது. கிழக்கிலுள்ள சகோதரிகளே, உங்கள் ஊர்த் துறைமுகத்து மாவைத்தான் நாங்கள் இங்கே தட்டிச் சுடுகிறோம்.

வன்னியில் இருந்தவர்களுக்கு மாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2009-இல் முகாம்களில் நிவாரண மாவை வைத்துக்கொண்டு, தேங்காயும் இல்லாமல் மிளகாயும் இல்லாமல் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில் யப்பானிலுள்ள ஹிரோஷிமா நகரத்தைச் சொல்ல வேண்டும். 1945 ஓகஸ்ட் 6-இல் அணுகுண்டு விழுந்து அந்த நகரமே அழிந்தது. அரிசி கிடைக்காத அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவைக் கரைத்து, இரும்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, மேலே கோவாவைக் குவித்துச் சுட்டு விற்றார்கள். அப்படி விற்றவர்களில் போரில் கணவனை இழந்த பெண்கள் பலர். வீட்டின் முன்பக்கமே கடை. கடைக்குத் தங்கள் செல்லப்பெயரையே வைத்து 'சான்' என்று சேர்த்துக்கொண்டார்கள். நாம் 'அக்கா கடை' என்போமே, அந்த மாதிரிச் செல்லம் அந்தச் சொல்லில் இருக்கிறது. அந்தச் சாப்பாட்டுக்கு ஒகோனோமியாகி என்று பெயர். இன்று அந்த நகரத்துக்குப் போகிறவர்கள் அதைச் சாப்பிடாமல் திரும்புவதில்லை. அந்தக் கடைகள் மட்டுமே நிறைந்த ஒரு மாடிக் கட்டிடமும் அங்கே உண்டு.

அதே மாதிரி ஏழை மாதான் நம் கையிலும் இருந்தது. நம்முடைய பெண்கள் அதை விலை போடாமலே ஊட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ரொட்டிப் பொதியை மேசைக்குக் கீழே வைத்துத் தின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இன்று எல்லவில் வெள்ளைக்காரர் அதே ரொட்டியைப் படம் பிடித்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள்.

சரி, சகோதரி கேட்டதற்கு வருகிறேன். பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சின்னத் தேத்தண்ணிக் கடைகளில் காலையிலேயே பாருங்கள். பின்னேரம் போனால் கொத்துச் சத்தம்தான் கேட்கும். அப்புத்தளையிலிருந்து தம்பேதென்னைக்கு பஸ் இருக்கிறது. தோமஸ் லிப்டன் 1890-இல் கட்டிய தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஏழு கிலோமீற்றர் ஏறினால் லிப்டன் சீற். பிள்ளைகளோடு நடக்க முடியாவிட்டால் ஓட்டோ பிடியுங்கள். உச்சியிலுள்ள சிறிய கடையில் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கிடைக்கும். அந்தக் குளிரில் சூடாகத் தின்பதற்கு ஈடில்லை. எல்லவில் விலை கூட, நமக்குத் தேவையில்லை. 2025 நவம்பர் புயலில் மலைநாட்டு ரயில்பாதை பல இடங்களில் சேதமானது. ஆகவே புறப்படுமுன் ரயிலையும் வீதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் கடைசியில், ரொட்டி சுட்டு விற்றால் பிழைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். பிழைக்கலாம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் என வடக்கில் 'அம்மாச்சி' உணவகங்கள் பெண்களின் கையால்தான் நடக்கின்றன. அங்கே உள்ளூர்த் தானியத்துக்கே முதலிடம் என்பதால் குரக்கன் மாவில் சுட்டுப் பழகுங்கள். கணக்குப் பார்க்கும்போது மாவையும் தேங்காயையும் மட்டும் எழுதாதீர்கள். விறகு, பொதி சுற்றும் தாள், பஸ் காசு, உங்கள் இரண்டு மணித்தியால வேலை, எல்லாவற்றையும் எழுதுங்கள். வேலையைக் கணக்கில் சேர்க்காத பெண்ணின் கடைதான் முதலில் மூடப்படுகிறது.

பக்குவம் இதுதான். அரைக்கிலோ மா, அரை மூடித் தேங்காய்ப்பூ, உப்பு, பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய். இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, ஈரத்துணி மூடி இருபது நிமிடம் வையுங்கள். ஆறு உருண்டை வரும். வாழையிலையில் தட்டி, மெல்லிய நெருப்பில் இரண்டு பக்கமும் சுட்டு, கடைசியில் தணலோரம் சாய்த்து நிறுத்த வேண்டும். கட்டச் சம்பலுக்குச் செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, மாசி ஆகியவற்றை அம்மியில் அரைத்துத் தேசிப்புளி விடுங்கள்.

ஒரு விசயத்தை மறைக்கக் கூடாது. 2016 சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17, தோட்டங்களில் நூற்றுக்கு 32. மூன்று நேரமும் ரொட்டியும் சாயத்தண்ணியும் என்றால் பிள்ளை வளராது. பருப்பும் கீரையும் முட்டையும் கூட வேண்டும்.

சகோதரி, அம்மாவின் தோட்டத்தில் சொந்தம் யாராவது மிஞ்சியிருந்தால் கடைகளை விட்டுவிட்டு நேரே லயத்துக்குப் போங்கள். அம்மாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொன்னால், வயதான ஆச்சி ஒருத்தியாவது அடையாளம் கண்டுகொள்வாள். மேலே போகப்போகத் தேங்காய் விலை ஏறும். பசறை டவுனிலேயே இரண்டு தேங்காயும் கொஞ்சம் மாசியும் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.