கத்தியின் விலையும் கையின் கூலியும்



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறுகிற பாதையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் அடிவாரத்திலே கல்லாறு இருக்கிறது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், காட்டோரத்தில் காணிக்காரர் குடியிருப்புகள், மலைமேல் தேயிலை. இப்படிப்பட்ட இடத்தில் கத்தியில்லாத வீட்டைக் காண்பது அரிது. விறகுக்கும் தேங்காய்க்கும் வெட்டுக்கத்தி வேண்டும். ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவப் பால்வெட்டுக் கத்தி வேண்டும்.

அப்பக்கம் சென்றிருந்தபோது, குமரி மாவட்டத்திலிருந்து தகப்பனார் காலத்தில் வந்து குடியேறிய ஒரு கொல்லரிடம் வெட்டுக்கத்தி ஒன்று வாங்கினேன். 450 ரூபாய் கேட்டார். நான் 400 கொடுத்தேன். அவர் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். வீடு திரும்பியதும் விலையைக் குறைத்த சாமர்த்தியத்தை என் மனைவியிடம் பெருமையாய்ச் சொன்னேன். வாங்கும்போது குறைகூறி, வாங்கியபின் பெருமை பாராட்டுகிறவனைப்பற்றிச் சாலொமோன் நீதிமொழிகளில் எழுதியது என்னைக் குறித்தே என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்தமுறை சந்தித்தபோது அவர், "பாஸ்டர், பகல் முழுவதும் அடிக்கிறேன், கையில் ஒன்றும் நிற்கவில்லை. இதைப் பார்த்துத்தான் மகனும் பட்டறை வேண்டாமென்று கொச்சிக்குப் போய்விட்டான்" என்றார். இருவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஒரு கத்திக்குப் பழைய லாரியின் வில்பட்டை 90 ரூபாய், சிரட்டைக்கரி 60, கைப்பிடி மரம் 40, சாணைக்கும் மின்சாரத்துக்கும் 30. ஆக 220 ரூபாய். "மீதி 230 ரூபாய் லாபம்" என்றார். "உங்கள் கூலி எங்கே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கத்திகளே முடிகின்றன. அப்படியானால் நாள் முழுவதும் உழைத்தும் 460 ரூபாய்தான். 2022-23ஆம் ஆண்டில் கேரளக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளி பெற்ற சராசரி நாட்கூலி ஏறத்தாழ 850 ரூபாய் என்று இந்திய ரிசர்வ் வங்கியின் கையேடு சொல்லுகிறது. அப்பொழுதுதான் நான் உணர்ந்தேன்: நான் குறைத்த 50 ரூபாய் இரும்பிலும் குறையவில்லை, கரியிலும் குறையவில்லை, அந்த மனிதருடைய கூலியிலேயே குறைந்தது.

சரியான கணக்கு எது? பொருட்செலவு 220. அரை நாள் கூலி 425. பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயில் தோய்க்கும்போது அவருக்குப் பத்தில் ஒன்று விரிசல் விடுகிறது; அந்த நஷ்டத்தை மற்ற ஒன்பதும் சுமக்கவேண்டும், அதற்கு 70. சுத்தியல், ஊதுலை மோட்டார் ஆகியவற்றின் தேய்மானத்துக்கு 35. மொத்தம் 750 ரூபாய். கடைக்காரர் மூலமாய் விற்றால் அவருடைய பங்கை இதற்குமேல் சேர்க்கவேண்டும், இதற்குள்ளிருந்து கொடுக்கலாகாது.

"750 என்றால் பாதிப்பேர் போய்விடுவார்கள்" என்று அவர் பயந்தார். அதையும் எழுதிப் பார்த்தோம். 450 ரூபாய்க்குப் பத்துக் கத்திகள் விற்றால் பொருட்செலவு போக நிற்பது 2,300. 750 ரூபாய்க்கு ஐந்து விற்றாலும் 2,650 நிற்கும். பாதிப்பேர் போனாலும் பாதி உழைப்பில் அதிகம் கிடைக்கும்.

ஆயினும் விலைக்குத்தக்க தரம் வேண்டும். பால்வெட்டுக் கத்தி மழுங்கினால் மரத்தில் காயம் விழும். பட்டை சீராய் வளராது. ஆகையால் பதம் தவறிய கத்தியை மலிவாய்த் தள்ளிவிடாமல் மறுபடியும் உலையில் வைக்கவேண்டும். முதல் சாணையை இலவசமாய்ப் பிடித்துக் கொடுக்கலாம். அழகுக்காக மான்கொம்பில் பிடி போடலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வணிகத்தைத் தடைசெய்கிறது. வீட்டுக்கும் வயலுக்கும் உதவுகிற கத்தியோடு நிற்பது நல்லது. கட்டாரிக்கும் வாளுக்கும் ஆயுதச் சட்டம் குறுக்கே வரும். கருவி வாங்க வழியில்லாதவர்கள், 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தை விசாரிக்கலாம். அதிலுள்ள 18 தொழில்களில் கொல்லுத்தொழிலும் ஒன்று; கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை உதவியும், 5 சதவீத வட்டியில் கடனும் உண்டு.

சவுலின் நாட்களில் இஸ்ரவேலில் கொல்லன் இல்லாதபடியினால், ஜனங்கள் தங்கள் கருவிகளைத் தீட்டப் பெலிஸ்தரிடம் போனதை 1 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே முன்னோர் 'அரம்' என்று பொருள்கொண்ட ஓர் எபிரெயச் சொல் 'பிம்' என்பது. அப்பெயர் பொறித்த பழைய எடைக்கற்கள் பின்னாளில் கிடைத்தபோது, அது தீட்டுகிறதற்கான கூலி என்று தெளிவாயிற்று. ஒரு சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. சொந்தக் கொல்லனை இழந்த ஜனம், அந்நியன் கேட்ட கூலியைக் கொடுக்கவேண்டியதாயிற்று.

பட்டணத்தில் குடியேறிய நம்மில் அநேகர் தகப்பனுடைய பட்டறையையோ தறியையோ விட்டு வந்தவர்கள். பெரிய கடைகளில் அச்சிட்ட விலையைக் கேள்வியின்றிக் கொடுக்கிறோம். கைத்தொழில் செய்கிறவரிடம்மட்டும் பேரம் பேசுகிறோம். அந்தச் சகோதரர் இப்பொழுது 750 ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிறார். மகன் இன்னும் திரும்பவில்லை. நான் கொடாமல் விட்ட 50 ரூபாயை அடுத்தமுறை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டு, என் கத்தியைக் கேட்டு வாங்கிச் சாணை பிடித்துத் தந்தார்.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக.