மொட்டைமாடிக் கண்டமும் கார் ஷெட் தொடையும்

பொட்டி தட்டும் மக்களுக்குத் திடீர் திடீரென்று விவசாய ஆசை வரும். வரட்டும், நல்லதுதான். ஓசூர் தாண்டி தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு ஏக்கர், அதில் ஒரு ஷெட், ஷெட்டில் நாலு வெள்ளைப் பன்றி. இதுவரைக்கும் எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. அதற்கடுத்த கட்டம்தான் இடிக்கிறது. "சொந்தப் பன்றி, சொந்த ஹாம் சார். கெமிக்கலே கிடையாது, வெறும் உப்பு. இத்தாலியில அப்படித்தான் பண்றாங்க" என்று சொல்லி, பின் சந்தை எலும்போடு முழுசாக உப்பில் புதைத்து, பிறகு துணி சுற்றிக் கார் ஷெட்டில் தொங்கவிடுகிறார்கள். எங்கள் அடுக்குமாடியிலேயே ஒருவர் தொங்கவிட்டிருக்கிறார். வாட்ஸப்பில் படம் வேறு.

இதே புண்ணியவான்தான், எங்கம்மா ஊரிலிருந்து வந்தபோது மொட்டைமாடியில் ரெண்டு கிலோ உப்புக்கண்டம் காயப்போட்டதற்கு 'ஹைஜீன் இஷ்யூ' என்று அசோசியேஷனில் கையெழுத்து வேட்டை நடத்தியவர். அம்மா ஒன்றும் புதுசாகச் செய்துவிடவில்லை. விருதுநகர் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் செய்வது: எலும்பில்லாத ஆட்டுக்கறியை விரல் தடிமனுக்கு நீளநீளமாக வார்ந்து, கல்லுப்பும் மஞ்சளும் அரைத்த மிளகாயும் பிசிறி, ஒரு ராத்திரி ஊறவைத்து, நூலில் கோர்த்துக் கொடியில் கட்டுவது. காக்கா விரட்ட ஒரு ஆள். அந்த ஆள் சின்ன வயசில் நான்தான், இங்கே என் பையன்.

ஆக, ஹாம் என்றால் கலாசாரம், கண்டம் என்றால் நாற்றம்!

வெறும் வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். (கொஞ்சம் எரிச்சலும் உண்டு, மறைப்பானேன்.) நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் கறியைப் பாதுகாக்கச் சரியான வழி அந்த மொட்டைமாடிக் கயிறுதான். கார் ஷெட்டில் தொங்குகிற தொடை ஆளைக் கொல்லக்கூடியது.

முதலில் இந்த இத்தாலிக் கதை. பார்மா ஹாமில் பன்றிக்கறியும் உப்பும் மட்டும்தான், நிஜம். நைட்ரைட், நைட்ரேட் எதுவும் சேர்க்க அவர்கள் விதியே அனுமதிப்பதில்லை. ஆனால் இந்த வரியைப் படித்தவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை. அங்கே உப்பு போட்ட தொடை முதல் சில வாரங்கள் 1 முதல் 4 டிகிரி வரையுள்ள அறையில் இருக்கும். உப்பு போட்டு முடித்த பிறகும் ரெண்டு மூணு மாதம் குளிர் அறையிலேயே ஓய்வெடுக்கும். உப்பு எலும்பு வரைக்கும் போய்ச் சேர்ந்த பிற்பாடுதான் வெளிக்காற்று. மொத்தம் ஒரு வருஷத்துக்கு மேல். குளிர் அறை வருமுன்னால் என்ன செய்தார்கள்? நவம்பர், டிசம்பரில் பனி விழத் தொடங்கியதும் பன்றி அடித்தார்கள். சீனாவின் ஜின்ஹுவா ஹாமும் அப்படியே, குளிர்காலத்தில்தான் உப்பு போடுவார்கள். அதாவது அந்த ஹாமில் சேரும் மூன்றாவது சரக்கு குளிர். அது லேபிளில் வராது, அவ்வளவுதான்.

"பெங்களூரும் குளிர்தானே சார்?" என்று கேட்பார்கள். நாம் சென்னையோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுகிற குளிர் இது. ஜனவரி ராத்திரியில்கூடச் சராசரியாக 15 டிகிரிதான். பகலில் 27, 28. ஏப்ரலில் 34. ஹாம் போடுவதற்கு இதற்குப் பெயர் கோடைகாலம்!

நான் பி.காம். படித்தவன், வேதியியல் எல்லாம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது, ஏனென்றால் கூட்டு வட்டி மாதிரியே ஆளை ஏமாற்றும் கணக்கு. கறிக்குள் உப்பு இறங்குகிற நேரம் தடிமனுக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை, தடிமனின் வர்க்கமாக ஏறுகிறது. தடிமன் ரெண்டு மடங்கு என்றால் நேரம் நாலு மடங்கு. விரல் தடிமன் கண்டத்துக்கு ஒரு ராத்திரி போதுமென்றால், அதைவிடப் பத்து மடங்கு தடித்த சந்துக்கு நூறு ராத்திரி. பார்மாக்காரர்களின் மூணு மாதக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறதா? அந்த நூறு ராத்திரியும் எலும்பை ஒட்டிய கறி உப்பில்லாமல், காற்றில்லாமல், இளஞ்சூட்டில் காத்துக்கொண்டிருக்கும். காற்றில்லாத, உப்புக் குறைந்த, சூடான இடம்தான் வேண்டுமென்று ஒரு கிருமியும் காத்துக்கொண்டிருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க்கில் தொத்திறைச்சி தின்று செத்தவர்களைப் பற்றி ஜஸ்டினஸ் கெர்னர் என்ற டாக்டர் 1820-களில் விலாவாரியாக எழுதிவைத்தார். கிருமியின் பெயரிலேயே இருக்கிறது, 'பாட்டுலஸ்' என்றால் லத்தீனில் தொத்திறைச்சி. அது விடுகிற விஷத்துக்கு நாற்றம் இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. மோந்து பார்த்துத் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இந்த விஷத்தைத் தடுக்கத்தான் நைட்ரைட். ஐரோப்பாக்காரன் பல காலமாக வெடியுப்பைக் கறியில் தேய்த்தான். நம் பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிப்போன அதே வகைச் சரக்கு. அவன் வெடிமருந்துக்கும் வைத்துக்கொண்டான், பன்றித்தொடைக்கும் வைத்துக்கொண்டான். ஹாம் ரோஸ் நிறத்தில் இருப்பதும் அதனால்தான். இதில் மறுபக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்றது. ஆகவே தினம் தின்னாதே என்றால் கேட்டுக்கொள்கிறேன். நைட்ரைட்டும் வேண்டாம், குளிரும் வேண்டாம், ஆனால் முழுத்தொடை வேண்டும் என்றால்? ஈடும் இல்லை, ஜாமீனும் இல்லை, கடன் மட்டும் வேண்டும் என்று வருகிற பார்ட்டி மாதிரி இருக்கிறது.

நம் பக்கத்துச் சூட்டு தேசக்காரர்கள் எல்லாரும் இதற்கு விடை கண்டுபிடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். குடகில் வீட்டுக்கு வீடு பன்றிக்கறி உண்டு, ஆனால் தொடையைத் தொங்கவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கவில்லை. துண்டு போட்டு, அடுப்புக்கு மேலே புகையில் உலர்த்தினார்கள், அல்லது கச்சம்புளி ஊற்றிக் கருகருவென்று பந்திக் கறி வைத்தார்கள். மழை நாலு மாதம் பிடித்துக்கொள்கிற ஊரில் வெயிலை நம்ப முடியாது, ஆகவே புகை. கோவாவில் சொரீசோ: பொடியாக நறுக்கிய கறியில் உப்பும் மிளகாயும் வினிகரும். அங்கே புளிப்புதான் காவல். நாகாலாந்தில் புகையில் வாட்டிய பன்றிக்கறி. நம்மூரில் வெயில், ஆகவே கண்டம். வழி நாலு, சூட்சுமம் ஒன்றுதான்: சின்னதாக வெட்டு, சீக்கிரம் உலர்த்து. பார்மா ஹாம் பச்சையாகத் தின்கிற சரக்கு. நாம் கண்டத்தை நல்லெண்ணெயில் வறுத்தோ குழம்பு வைத்தோதான் தின்கிறோம். அந்த விஷம் பத்து நிமிஷக் கொதியில் செத்துப்போகும். உப்பு, உலர்ச்சி, அடுப்பு என்று மூணு பூட்டு. கார் ஷெட் தொடைக்கு ஒரு பூட்டுகூட ஒழுங்காக இல்லை.

இத்தனை தெரிந்த கிழவியை 'ஹைஜீன்' தெரியாதவள் என்கிறார்கள். கறி மீதுள்ள வெறுப்பில்லை இது, யார் காயப்போடுகிறார் என்பதில் உள்ள வெறுப்பு. பன்றி விஷயத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். நான் பார்த்த ஒரு கிளையில், கறவை மாட்டுக் கடன் என்றால் உட்கார நாற்காலி, பன்றிக் கடன் என்றால் "என்னப்பா, வேற தொழிலே இல்லையா?" கிசான் கிரெடிட் கார்டில் கால்நடை வளர்ப்புக்கு வழிசெய்து ரிசர்வ் வங்கி 2019-ல் சுற்றறிக்கை விட்டதில் ஆடு, கோழியோடு பன்றியும் இருக்கிறது. சுற்றறிக்கையில் இருந்து என்ன பண்ண? பரம்பரையாகப் பன்றி வளர்ப்பவன் கேட்டால் சிரிப்பு, சாஃப்ட்வேர்காரர் வளர்த்தால் 'ஃபார்ம் டு டேபிள்'. பெரியபுராணத்தில் கண்ணப்பர் காளத்தியில் சிவனுக்கு வாட்டிப் படைத்தது பன்றிக்கறிதான் என்று சொன்னால், "அது காட்டுப்பன்றி சார்" என்று பதில் வரும்!

அப்புறம் அந்த 'மூளையில் புழு' பயமுறுத்தல். நிம்ஹான்ஸ் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைத் தப்பாகச் சொல்லலாமா? நாடாப்புழுக் கட்டி உள்ள பன்றிக்கறியை அரைவேக்காடாகத் தின்றால் புழு குடலில் வளரும். மூளைக்குப் போவது, அந்தப் புழு உள்ள மனிதனின் மலத்திலிருந்து வரும் முட்டை, கழுவாத கை, கழுவாத கீரை வழியாக. சுத்த சைவருக்கும் வரும். பன்றியைப் பட்டியில் அடைத்து வளர்த்து, மனிதர்களுக்குக் கக்கூஸ் கட்டினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஆகவே பட்டி போட்டு வளர்ப்பவர்களை நான் குறையே சொல்லமாட்டேன், மறுபடியும் சொல்கிறேன். வெட்டிய பிறகு செய்வதுதான் கூத்து.

"அப்ப ஹாமே தின்னக்கூடாதா?" என்று தங்கமணி கேட்டாள். தின்னலாம். எலும்பெடுத்த ஒரு கிலோ, ஒன்றரை கிலோத் துண்டு. எடைபோட்டு அதில் நூற்றுக்கு ரெண்டரை, மூணு பங்கு உப்பு. 6.25 சதவீத நைட்ரைட் கலந்த க்யூரிங் உப்பு கிலோவுக்கு ரெண்டரை கிராம், கண்ணளவு கூடாது, கிராம் தராசுதான், கூடினால் அதுவே விஷம். அந்த க்யூரிங் உப்பும் உப்புதான், ஆகவே மொத்த உப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பையில் கட்டி, 4 டிகிரிக்கு மேல் போகாத ஃபிரிட்ஜில் ஒரு வாரம் பத்து நாள், தினம் ஒருமுறை புரட்டிவிட்டு. பிறகு நடுக்கறி 70 டிகிரி தொடும்வரை வேகவைக்க வேண்டும். தெர்மாமீட்டர் குத்திப் பார்த்து, உத்தேசமாக அல்ல. ஆறியதும் ஃபிரிட்ஜ், நாலைந்து நாளில் காலி பண்ணிவிட வேண்டும். மிச்சப் பன்றியை விரல் தடிமனுக்கு வார்ந்து கண்டம் போடுங்கள், மார்ச் மாத வெயிலில் மூணு நாலு நாள், மேலே கொசுவலை. காக்காவுக்கு மட்டும் ஆள் வேண்டும்.